தங்கை வீட்டு வாசலில் வேப்பிலை

எங்கள் ஊரை விட்டு நான் தனியாகப் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. வயது அறுபத்தாறு. கல்யாணப் பத்திரிகையைச் சொந்தக்காரர்களுக்கு நேரில் கொண்டுபோய் வைப்பதைப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து செய்வதுதான் வழக்கம். எங்கள் வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியாது. அதனால் வேதாரண்யத்திலிருந்து நன்னிலம் பக்கம் இருக்கிற என் தங்கை வசந்தா வீட்டுக்கு நான் மட்டும் கிளம்பினேன்.

கல்யாணம் என் கடைசி மகன் சுந்தருக்கு. துபாயில் வேலை. பெண் பார்த்துப் பார்த்தே முப்பத்து நாலு வயதாகிவிட்டது. அவன் வசந்தா வீட்டில் தங்கித்தான் மூன்று வருஷம் காலேஜ் படித்தான். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "சித்தி பந்தல்ல நிக்கணும்மா. நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது."

அவள் வருவாளா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் தங்குவதாக எங்கள் வீட்டுக்கு வந்தவள், இரண்டாம் நாள் காலையிலேயே உடம்பு முடியவில்லை என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவளுடையது மாடி வீடு. எங்களுடையது புயலுக்கு அப்புறம் தகரம் போட்ட வீடு. தகரத்துக்குக் கீழே படுக்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

ஒரு பையில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம். இன்னொரு பையில் மூன்று கவர் போட்டுக் கட்டிய கருவாடு. நல்ல காரியத்துக்குப் போகும்போது கருவாடா என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வசந்தாவுக்கு எங்கள் கடற்கரைக் கருவாடு என்றால் உயிர். அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

நாகப்பட்டினத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் வெயில் ஏற ஏற மூன்று கவரையும் தாண்டி வாசம் கிளம்பிவிட்டது. கண்டக்டர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, யாருங்க அது பஸ்ஸுக்குள்ளேயே குழம்பு வைக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர், "என் பைதான்ப்பா. உன் வீட்டுக்கு ஒரு கை வேணுமா?" என்று தன் மேல் போட்டுக்கொண்டார். அவர் இறங்கும்போது இரண்டு கை கருவாடு எடுத்து அவர் பையில் போட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

திருவாரூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதியை நெல் காய்வதற்கு விட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. அறுத்த வயல்களில் வைக்கோலை மெஷின் சுருட்டிச் சுருட்டி உருளையாகப் போட்டிருந்தது. எங்கள் பக்கம் உப்பளத்தில் வெள்ளைக் குவியல் வரிசை கட்டி நிற்கும். இங்கே மஞ்சள் வரிசை. இரண்டையும் பார்த்தவளுக்கு இரண்டுமே அழகுதான்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கூட்டத்தில் சத்தம் போட்டு நிறுத்தச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு யாராவது இறங்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த ஊரில் இறங்கி இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தேன்.

பொழுது சாயும் நேரம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு குவியல் எரியும். தென்னஞ்சருகு, காகிதம், கவர், கிழிந்த உப்புச் சாக்கு எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொளுத்துவோம். கொசு போகும், குப்பையும் போகும் என்பது எங்கள் கணக்கு. இந்த ஊருக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. நெல் வாசம் வந்தது, வாய்க்கால் வாசம் வந்தது. என்ன குறைகிறது என்று மட்டும் அப்போது பிடிபடவில்லை.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வசந்தா சொல்லியிருக்கிறாள். நாளைக்கு யாராவது தேடி வந்து, எங்கேயாவது ஒரு மூலையில் புகையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்களாம்.

அவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது. வேப்பிலை சொருகினால் வீட்டில் யாருக்கோ அம்மை என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வந்தவள் வழித் தூசியோடு உள்ளே போகக் கூடாது. கல்யாணப் பத்திரிகையை அங்கே வைக்கவே கூடாது. கூப்பிடவும் தயக்கமாக இருந்தது. பைகளோடு மதிலோரமாக நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தவர் என்னைப் பார்த்தார். செல்லம்மாள் என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார். கையைக் காட்டினேன். வேப்பிலையையும் காட்டினேன்.

"அம்மை எல்லாம் ஒண்ணும் இல்ல, தைரியமா உள்ள போங்க. அது வேற கதை" என்றார்.

வசந்தா ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள். வேப்பிலை யாருக்கு என்றேன். "எனக்குத்தான்க்கா. முதல்ல கையைக் கழுவு, சாப்பிடு" என்று பேச்சை மாற்றினாள். புது நெல்லுச் சோறு, மொச்சை போட்ட குழம்பு. பத்திரிகையைக் காலையில் குளித்துவிட்டு வைக்கலாம் என்று இருந்துவிட்டேன். அவள் புருஷன் கணேசன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், வயலிலிருந்து வந்து, வாங்க அண்ணி என்று இரண்டு தடவை சொன்னார். அந்த வரவேற்பில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இரண்டாம் நாள் காலையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விருந்துக்குப் போன வீட்டில் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து கொல்லையைப் பெருக்கினேன். மாஞ்சருகு, தென்னங்கீற்று, இரண்டு பால் கவர், ஒரு பிஸ்கட் காகிதம், எல்லாம் ஒரு குவியல் ஆனது. அடுப்படியிலிருந்து தீப்பெட்டி எடுத்து வந்து பற்ற வைத்தேன். வீட்டில் தினம் செய்கிற வேலை. யோசிக்கவே இல்லை. தங்கைக்கு ஒரு வேலையை மிச்சம் பண்ணியதாக எனக்குச் சந்தோஷம் கூட.

பனி இறங்கியிருந்தது. புகை மேலே போகவில்லை. பாய் விரித்த மாதிரி தரையோடு பரவி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனது.

ஐந்து நிமிஷம் இருக்காது. மூன்று வீட்டுக் கொல்லையிலிருந்து பெண்கள் குடத்தோடு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தார்கள், ஊற்றினார்கள், குச்சியால் கிளறி மறுபடி ஊற்றினார்கள். செல்லம்மாள் மட்டும் குடத்தைப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்குள் ஓடினார். பின்னாலேயே நானும் போனேன்.

வசந்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். தோள் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். கணேசன் தம்பி ஊதுகிற மருந்தைக் குழாயில் மாட்டி அவள் வாயில் வைத்தார். ஒன்று, மறுபடி ஒன்று. செல்லம்மாள் ஈரத் துணியால் ஜன்னலை மூடினார். அரை மணி நேரம் ஆனது, அவள் முகத்தில் பழைய நிறம் வர. அவ்வளவு நேரமும் தீப்பெட்டி என் கையிலேயே இருந்தது.

என் தங்கைக்கு இழுப்பு இருப்பது தெரியும். இப்படி இருக்கும் என்று தெரியாது. அவள் என் எதிரில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை.

வெளியே வந்ததும் செல்லம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்திரிகை வைக்க வந்தீங்களா, புகை போட வந்தீங்களா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அவரே என் கையைப் பிடித்து, "சொல்லாதது அவங்க தப்புதான். வாங்க, காபி போட்டுத் தர்றேன்" என்று தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்தக் காபியோடுதான் வேப்பிலைக் கதையைக் கேட்டேன்.

செல்லம்மாள் குடும்பம் அந்தக் காலத்தில் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனது. இப்போது அவர்களே மூன்று மா நிலம் குத்தகைக்குச் செய்கிறார்கள். மகள் தஞ்சாவூரில் நர்ஸ். சில வருஷத்துக்கு முன் அந்த மகள் கைக்குழந்தையோடு மார்கழியில் வந்திருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் தெருப் புகையில் குழந்தைக்கு மூச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். பனிக் காலத்தில் புகை கலையாது, கீழேயே நிற்கும், குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் முதல் எதிரி என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். செல்லம்மாள் அதைத் தெருவில் சொன்னார். சண்டைதான் வந்தது. "உன் பொண்ணு நர்சுன்னா எங்க எல்லாருக்கும் ஊசி போடுவியா?" என்று கேட்டார்களாம்.

அதற்குப் பிறகு ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை கண்டு வேப்பிலை சொருகினார்கள். அம்மை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் தாளிக்க மாட்டார்கள், மிளகாய் வறுக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். யாரும் யாரையும் கேட்கவில்லை, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு வாணலியில் கடுகு வெடிக்கவில்லை. செல்லம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டு வேப்பிலையை எடுத்த அன்றைக்கே தன் வீட்டு வாசலில் ஒரு கொத்து சொருகிவிட்டார்.

யாருக்கு அம்மை என்று கேட்டு எல்லோரும் வந்தார்கள். அவர் சொன்னாராம்: "அம்மை இல்ல. வந்து போற என் பேரனுக்கு மூச்சு. அம்மைக்குத் தாளிக்காத தெரு, மூச்சுக்குக் கொளுத்துமா?"

அடுத்த வாரம் வசந்தா வீட்டில் சொருகினாள். பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண் வீட்டில். இப்போது அந்தத் தெருவில் மூன்று வாசலில் வேப்பிலை இருக்கிறது. வந்த அன்று என் கண்ணில் பட்டது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புதுக் கொத்து மாற்றுகிறார்கள். காஸ் சிலிண்டர் போடுகிறவர் புதிதாக வந்தபோது தெருவே அம்மையில் கிடக்கிறது என்று பயந்து சிலிண்டரை முக்கில் வைத்துவிட்டு ஓடிவிட்டாராம். அதைச் சொல்லும்போது செல்லம்மாள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எந்த முகத்தோடு வைப்பேன்?

மூன்றாம் நாள் குளித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்தேன். வசந்தாவும் கணேசன் தம்பியும் சேர்ந்து நின்று வாங்கினார்கள். வசந்தா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுந்தர் பெயரை விரலால் தடவினாள். கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றேன். அவர் வருவாரு அக்கா என்று புருஷனைக் காட்டினாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மனசு சரியில்லாமல் செல்லம்மாளோடு ஊரைச் சுற்றப் போனேன். போனது நல்லதாயிற்று.

கொடியில் துணியோடு துணியாகப் பால் கவர்கள் கழுவிக் கிளிப் போட்டுக் காய்ந்தன. அவ்வளவு சுத்தமாக எங்கள் ஊரில் கைக்குட்டை கூடக் காயாது. வாரத்தில் இரண்டு நாள் பஞ்சாயத்து வண்டி வந்து எடுத்துக்கொள்கிறது. முதலில் வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிவிடுமாம். பெண்கள் ஆளுக்கொரு மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு போய் வண்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். இப்போது தெருவுக்குள் வருகிறது. சருகை எல்லாம் தென்னை மரத்தடிக் குழியில் போட்டு, மேலே சாணித் தண்ணீர் தெளித்து மண்ணைத் தள்ளுகிறார்கள். வெந்நீர் அடுப்பு விறகில்தான் எரிகிறது, ஆனால் வெயில் வந்து பனி விலகின பிறகுதான் மூட்டுகிறார்கள். அது வரைக்கும் குளிக்காமல் இருக்கிறார்கள், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்கள் குளிக்கிறார்கள்.

கணேசன் தம்பியின் வயலையும் பார்த்தேன். அறுப்புக்கு முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுகிறார்கள். அறுத்து முடித்தால் நெல்தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டு இலையோடு எட்டிப் பார்க்கிறது. தாளைக் கொளுத்தினால் உளுந்தும் போச்சு. "எங்க வயலுக்கு உளுந்துதான் காவல், அண்ணி" என்றார்.

எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். பின் தெருவில் ஒருவர் பழைய வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார். கரும் புகை. செல்லம்மாளுக்கு அவர் கொழுந்தன் மகன் முறை. "அவன் வாசல்ல வேப்பமரத்தையே நட்டாலும் திருந்த மாட்டான்" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார். குழந்தைகளுக்குக் கட்டுகிற நாப்கினை என்ன செய்வது என்றும் இவர்களுக்குத் தெரியவில்லை. வண்டிக்காரர்கள் எடுப்பதில்லை. புதைக்கிறார்கள், நாய் தோண்டுகிறது. அதை அவர்களே ஒளிக்காமல் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

நாலாம் நாள் வசந்தா என்னை மயிலாடுதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாயூரநாதர் கோயிலில் கும்பிட்டோம். ஒரு ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு அது. எங்கள் பக்கம் கிடையாது. நான் நாலு இட்லி சாப்பிட்டேன். பிறகு துணிக் கடைக்குப் போய் மணப்பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. பிரித்துப் பிரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கடை வாசலில் பையை என் கையில் கொடுத்தாள். "இதை நீயே கொண்டு போயிடுக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. வருகிறவள் புடவையை ஏன் கொடுத்து அனுப்புகிறாள்? ஒன்றும் கேட்காமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பி வரும் வழியில்தான் அவள் அந்தப் பாதையை எப்படி மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். "பாலம் தாண்டினா ஒண்ணு" என்று சொல்லி முந்தானையால் மூக்கை மூடுவாள். பாலம் தாண்டியதும் ரோட்டோரத்தில் குப்பை புகைந்துகொண்டிருக்கும். "செங்கல் சூளை முக்குல ஒண்ணு. அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் இல்ல." நாம் கோயிலும் கடையும் வைத்து வழி சொல்வோம். அவளுக்கு ஒவ்வொரு ஊரும் புகையால்தான் அடையாளம்.

ஒரு சின்ன ஊர் எல்லையில் பஸ்ஸுக்கு டயர் பஞ்சர். நின்ற இடத்துக்கு நேர் எதிரில் ஒரு குப்பை மேடு எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் இறங்கி மரத்தடியில் நின்று டிரைவரைக் கிண்டல் பண்ணினார்கள். வசந்தா யாருக்கும் காத்திருக்கவில்லை. தென்னங்கீற்று எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு தடவை பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காற்றுக்கு எதிராக வயலுக்குள் இறங்கினாள். வரப்போடு வரப்பாகப் பஸ் சிறிதாகத் தெரிகிற வரைக்கும் நடந்தோம். அங்கே வாய்க்கால் மதகில் உட்கார்ந்தோம்.

இத்தனை நாள் நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்காரவில்லை. என்ன தைரியம் வந்ததோ, நான் கேட்டேன். "எங்க வீடு தகர வீடுன்னுதானே அன்னைக்குப் போயிட்ட?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தகரமா? மூணு வருஷமா அதையா நெனச்சிக்கிட்டிருக்க?"

"பின்ன?"

"அன்னைக்கு விடிகாலையில நீ வாசலைப் பெருக்கிக் கொளுத்தினக்கா. எதிர் வீட்டுலயும் கொளுத்தினாங்க. நான் உள்ள படுத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போனேன்னு எனக்கே தெரியாது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்தேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? எனக்குன்னு வஞ்சிர மீன் வாங்கி வச்சிருந்த. உன் வீட்டுப் புகையில செத்துடுவேன் போல இருக்குன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் பிள்ளையை மூன்று வருஷம் வைத்துச் சோறு போட்டவளை நான்தான் துரத்தியிருக்கிறேன். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடைசியில் நான் சொன்னேன், எங்கள் வாசலிலும் வேப்பிலை சொருகிவிடுகிறேன் என்று. வசந்தாவுக்குச் சிரிப்பு வந்து இருமலும் வந்துவிட்டது.

"கல்யாண வீட்டுல வேப்பிலையா? உன் ஊர்ல அதுக்கு அம்மைன்னுதான் அர்த்தம். பந்தலுக்கு ஒரு ஆள் வர மாட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க தேதியை மாத்துன்னு நிப்பாங்க." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "வாயால சொல்லணும்க்கா. அது உன்னால ஆகாது. விடு."

டிரைவர் ஹாரன் அடித்தார். எழுந்து நடந்தோம். பஸ்ஸில் ஏறினதும் புடவைப் பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "நீயே கொண்டாந்து குடு" என்றேன். அவள் பையைத் திருப்பித் தரவில்லை.

ஐந்தாம் நாள் கிளம்பினேன். செல்லம்மாள் நிறுத்தம் வரைக்கும் வந்தார். எப்படிப் பேசுவது என்று வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். எங்கள் தெருவில் பதினாலு வீடு. யாரிடமும் நான் எதுவும் கேட்டுப் போனதில்லை.

"புகையைப் பத்திப் பேசாதீங்க. பேசினா, நீ மட்டும் கொளுத்தலையான்னு சண்டைக்கு வருவாங்க. ஆளைப் பத்திப் பேசுங்க. என் தங்கச்சி வர்றா, அவளுக்கு இப்படின்னு சொல்லுங்க. பேரைச் சொல்லுங்க. பேர் தெரிஞ்ச ஆளுக்கு யாரும் கெடுதல் பண்ண மாட்டாங்க." பஸ் வந்தது. அவரே சத்தம் போட்டு நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

அன்றைக்கு வழி நெடுக நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். இந்தப் பாதையிலும் ரோட்டோரத்தில் ஒரு புகை, பாலத்தடியில் ஒன்று. போகும்போது இவற்றில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எங்கள் தெருவுக்குள் நுழையும்போது நன்றாகப் பொழுது சாய்ந்திருந்தது. ஏழு குவியல் எரிந்தது. ஏழாவது எங்கள் வீட்டு வாசலில். வீட்டுக்காரர் எனக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே கொளுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பைகளைக் கீழே வைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினேன். என்ன ஆச்சு உனக்கு என்றார். சொன்னேன்.

மறுநாளிலிருந்து தெருவுக்குப் பத்திரிகை வைக்கிற வேலை. ஒவ்வொரு வீட்டிலும் தாம்பாளத்தை நீட்டி, கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்படியே நிற்பேன். அவர்கள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது சொல்வேன். என் தங்கச்சி வசந்தா நாலு நாள் வந்து இருக்கப் போகிறாள். அவளுக்கு மூச்சு இழுக்கும். அந்த நாலு நாள் குப்பையைச் சாக்கில் கட்டி வையுங்கள், கல்யாணம் முடிந்ததும் நானே வண்டிக்குக் கொண்டு போடுகிறேன். முதல் வீட்டில் பாதி வார்த்தை வரவில்லை. மூன்றாவது வீட்டில், சுந்தர் தங்கிப் படித்தானே அந்தச் சித்தியா என்று அவர்களே கேட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும், கல்யாணத்துக்கு வரணும்னா குப்பையும் உங்களைக் கேட்டுத்தான் போடணுமா என்றார்கள். அப்புறம் அவர்களும் சரி என்றார்கள்.

எதிர் வீட்டுப் பாக்கியத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இருபது வருஷமாக எதிரும் புதிருமாக இருக்கிறோம். தினம் காலையில் நான் கொளுத்துவேன், அவள் கொளுத்துவாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று திரும்பினேன்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். "என் மருமக மூணு மாசமா இருமிக்கிட்டிருக்கா. உங்க வீட்டுப் புகை நேரா எங்க அடுப்படிக்குத்தான் வரும். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். என்னுது உங்க வீட்டுக்கு வருமோ என்னமோ."

வரும் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய உப்புச் சாக்கைக் கொண்டு வந்து உதறி, வாசல் தூணில் மாட்டினாள்.

அன்று சாயங்காலம் வசந்தாவுக்குப் போன் போட்டேன். வா என்றேன்.

"யார் யார்கிட்ட சொன்ன?"

"பதினாலு வீட்டுலயும்."

போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. விசில் இல்லாமல் நேராக வந்து போனது.

"நீயாக்கா பேசின?"

"நான்தான்."

"அப்ப பந்தக்கால் நடுறதுக்கு முத நாளே வந்துடறேன்" என்றாள்.